எழுந்து நிற்கும்போது எவ்வளவு?

அத்தையின் மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. மூடியைத் திறந்து கட்டிலில் கொட்டினேன். முழு அட்டை, பாதி அட்டை, கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள், பெயர் எழுதாத ஒரு காகிதப் பொட்டலம். அத்தைக்கு வயது 81, எடை 45 கிலோ. ஒரு நாளைக்கு 11 மாத்திரை. அதுபோகக் காலையும் இரவும் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து. முந்தைய வாரம் விடிகாலையில் பாத்ரூம் போக எழுந்தவர், இரண்டு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிக் கட்டில் ஓரத்தில் விழுந்திருந்தார். இடுப்பு தப்பியது. நெற்றியில் மூன்று தையல்.

"இது எதுக்கு அத்தை?"

"அது பிரஷருக்கு."

"இது?"

"அதுவும் பிரஷருக்குத்தான். ஹார்ட் டாக்டர் எழுதினது."

"இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை?"

"கால் வீக்கத்துக்குப்பா. அதைப் போட்டா ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கணும்."

டப்பாவில் இருந்த ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு காரணம் இருந்தது. எழுதிய அன்றைக்கு அது நியாயமான காரணமாகவும் இருந்திருக்கும். இதயம், பொது மருத்துவம், எலும்பு, கண், காது மூக்கு தொண்டை என்று ஐந்து டாக்டர்கள். ஐந்து பேரும் அவரவர் பங்கைச் செய்திருக்கிறார்கள். டப்பாவை மொத்தமாகக் கொட்டிப் பார்க்கும் ஆறாவது ஆள்தான் இல்லை. வயதானவர்களுக்கான இதய மருந்து, ரத்த அழுத்த மருந்து பற்றிய இந்தக் கட்டுரை அந்த ஆறாவது ஆள் பார்க்க வேண்டிய வேலையைப் பற்றியது.

முதலில் வயதான உடம்பில் பிரஷர் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிடலாம். இளவயதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ரப்பர் மாதிரி இருக்கும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து இடம் கொடுக்கும். அடுத்த துடிப்புக்கு முன் சுருங்கி, வாங்கி வைத்ததை முன்னே அனுப்பும். வயதாக ஆகச் சுவர் தடித்து, சுண்ணாம்பேறி, விறைத்துப்போகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய் நாலு கோடை வெயிலில் கிடந்தால் எப்படி ஆகிறதோ, ஏறக்குறைய அப்படி. விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது. சுருங்கி அனுப்பாததால் கீழ் எண் இறங்குகிறது. அதனால்தான் 75 வயதுக்காரருக்கு 170-க்கு 70 என்றெல்லாம் வருகிறது.

"வயசோடு 100-ஐக் கூட்டிக்கோ, அதுதான் உன் பிரஷர்" என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். மேல் எண் மட்டும் ஏறியிருந்தால் அது முதுமையின் இயல்பு, தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1991-ல் வெளிவந்த 'ஷெப்' என்ற அமெரிக்க ஆய்வு அதை மாற்றியது. 60 வயதைத் தாண்டிய 4,736 பேர், எல்லோருக்கும் மேல் எண் மட்டும் அதிகம். குளோர்தாலிடோன் என்ற பழைய, மலிவான நீர் மாத்திரையில் தொடங்கி மருந்து கொடுத்தார்கள். பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

சரி, 80-க்கு மேல்? அங்கே சந்தேகம் இன்னும் 17 வருஷம் நீடித்தது. 2008-ல் 'ஹைவெட்' ஆய்வு வந்தது. 80 வயது நிரம்பிய 3,845 பேர். மேல் எண் 160-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இன்டாபமைடு என்ற மருந்தும், தேவைப்பட்டால் பெரிண்டோபிரிலும். இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது. எந்தக் காரணத்தாலும் நேரும் மரணம் 21 சதவீதம் குறைந்தது. நன்மை தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆக, "இந்த வயசுல எதுக்கு மாத்திரை" என்று சலித்துக்கொள்வதற்கு இடமில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: அவர்கள் குறி வைத்த அளவு 150-க்கு 80. 120-க்கு 80 இல்லை.

120 என்ற பேச்சு 2015-ல் வந்தது. 'ஸ்பிரிண்ட்' ஆய்வில் 9,361 பேரில் பாதிப் பேரின் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள், மறுபாதிக்கு 140. கீழே இறக்கியவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு முதலியவையும் மரணமும் குறைந்தன. 75 வயதைத் தாண்டியவர்களிலும் அப்படித்தான். ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்ற பட்டியலைப் படித்தால் நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அதில் இருப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள் இல்லை. முதியோர் காப்பகத்தில் இருப்பவர்கள் இல்லை. எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் மேல் எண் 110-க்குக் கீழே போகிறவர்கள் இல்லை. மருந்தைக் கூட்டிய பக்கத்தில் பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவதும், மயங்கி விழுவதும், சோடியம் பொட்டாசியம் தடுமாறுவதும், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவதும் கூடின. தவிர, அங்கே நோயாளியை ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கி இயந்திரத்தால் அளந்தார்கள். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் மாடி ஏறி ஓடி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அளக்கும் எண்ணை அதனோடு ஒப்பிட முடியாது.

நாட்டுக்கு நாடு இலக்கு மாறுவது இதனால்தான். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் 80-க்கு மேல் 150-க்கு 90-க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல், நடமாடிக்கொண்டிருக்கும் 65 வயதுக்காரருக்கும் மேல் எண் 130-க்குக் கீழே என்கிறது. என் கட்சி இதில் எந்தப் பக்கமும் இல்லை. 82 வயதில் காலையில் கோயிலுக்கு நடந்துபோய் வருகிற மனிதரும், அதே 82-ல் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கை தேவைப்படுகிறவரும் பிறந்த தேதியில் மட்டும்தான் ஒன்று. மருந்தின் அளவைத் தீர்மானிக்க டாக்டர் வயதை விட நடையைப் பார்ப்பது நல்லது. நம் ஊர் ஓ.பி.யில் நோயாளி நடந்து உள்ளே வருவதற்குள் முந்தைய சீட்டு மறுபடி எழுதி முடிந்திருக்கும், அது வேறு கதை.

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்நரம்புகள் அதைக் கண்டுபிடித்து, இதயத்தை விரைவுபடுத்தி, ரத்தக் குழாய்களை இறுக்கி, சில நொடிகளில் சரிசெய்துவிடும். முதுமையில் இந்தக் காவல்காரர் மந்தமாகிவிடுகிறார். சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தால் இன்னும் மந்தம். இதற்கு மேல் நாம் கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்று இதயத்தை விரைவுபடவிடாது, ஒன்று குழாயை இறுகவிடாது, ஒன்று உடம்பின் நீரையே குறைத்துவிடும். உட்கார்ந்து பார்த்தால் 130. எழுந்தால் கண் இருட்டுகிறது.

கணக்கு எளிது. ஐந்து நிமிஷம் படுத்திருக்கும்போது ஓர் அளவு. எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்று நிமிஷத்தில் ஒன்று. மேல் எண் 20-க்குக் குறையாமலோ, கீழ் எண் 10-க்குக் குறையாமலோ இறங்கினால் நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். நூறு தடவை பிரஷர் பார்த்துக்கொண்ட பெரியவர்களில் ஒரு தடவையாவது நின்றபடி பார்த்துக்கொண்டவர் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப்பாருங்கள்.

அத்தைக்கு அப்படி அளந்தவர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி சின்னதாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயதான டாக்டர். "அம்மா, அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருங்க" என்றார். 138-க்கு 70. "இப்ப மெதுவா எழுந்து நில்லுங்க, நான் பிடிச்சுக்கறேன்." 104-க்கு 58. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, "சுத்துது டாக்டர்" என்றார். அதுவரை அவருடைய தலைசுற்றலுக்கு காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதிய மாத்திரைதான் டப்பாவின் பதினோராவது மாத்திரை.

சாப்பாட்டுக்குப் பிறகும் இப்படி விழும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குத் திரும்ப, ஒன்றிரண்டு மணி நேரம் பிரஷர் தாழ்ந்திருக்கும். காலை மாத்திரையின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகிற இடத்தில் பெரியவர்கள் தள்ளாடுவதற்கு இது ஒரு காரணம். கத்திரி வெயில் காலத்தில் வியர்வையில் நீர் போய், மேலே நீர் மாத்திரையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் நீர் மாத்திரையையும், டெல்மிசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்திவைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏகாதசி விரதம், ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

அடுத்தது சிறுநீரகம். இங்கே தமிழில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. கிரியாட்டினின் ஏறினால் "உப்பு கூடிடுச்சு" என்கிறோம். ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் "உப்பு இறங்கிடுச்சு" என்கிறோம். இரண்டும் வேறு வேறு உப்பு. முதலாவது சிறுநீரகம் வடிகட்டாமல் தேங்கிய கழிவு. இரண்டாவது சமையல் உப்பின் ஒரு பாதி. "உப்பு கூடிடுச்சு" என்று கேட்டு வீட்டில் சமையலில் உப்பே இல்லாமல் செய்து, ஏற்கெனவே நீர் மாத்திரையால் சோடியம் இறங்கிக்கொண்டிருக்கும் பெரியவரை மேலும் இறக்கிவிடுவார்கள். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையஸைடு, இன்டாபமைடு மூன்றும் சோடியத்தை இறக்கக்கூடியவை. ஒல்லியான வயதான பெண்களுக்கு அந்த ஆபத்து அதிகம். திடீரென்று சோர்வு, தூக்கம், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம். "அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு, வயசாயிடுச்சு இல்ல" என்று விட்டுவிடுகிற சிலருக்கு ஒரு சோடியம் பரிசோதனை போதும், காரணம் தெரிந்துவிடும். இந்த மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது முறை.

கிரியாட்டினின் எண்ணும் முதியவர்களிடம் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருகிற கழிவு. தசை வற்றிய உடம்பில் கழிவே குறைவாகத்தான் உண்டாகும். ஆகவே வடிகட்டி பழுதாகியிருந்தாலும் எண் அழகாக இருக்கும். 1976-ல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் கொடுத்த கணக்கு இன்றும் மருந்தளவு பார்க்கப் பயன்படுகிறது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்க வேண்டும். அதை, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். அத்தையின் லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.0, பக்கத்தில் நார்மல் என்று இருந்தது. போட்டுப் பார்த்தேன்: நிமிஷத்துக்கு 31 மில்லி. அதே எடையில், அதே 1.0 உள்ள 30 வயதுப் பெண்ணுக்கு 58. ரிப்போர்ட்டில் இரண்டு பேரும் நார்மல்தான்.

சிறுநீரகம் வழியே வெளியேறுகிற மருந்துகளுக்கு இது உயிர்க் கணக்கு. டிகாக்ஸின் அப்படி ஒன்று. உடம்பில் தேங்கினால் பசியின்மை, குமட்டல், மஞ்சளாகத் தெரிவது, நாடி தப்புவது என்று வரும். வயதானவர்களுக்கு ஒரு நாளைக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க முதுமை மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் சொல்கிறது. முதியவர்களுக்கு எந்தெந்த மருந்தைத் தவிர்ப்பது நல்லது என்று மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் தொடங்கிய பட்டியல் அது. சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பிரஷருக்கென்று பிரசோசின் போன்ற மருந்துகளைக் கொடுக்கவேண்டாம் என்றும் அதில் உண்டு, நின்றால் பிரஷர் விழும் என்பதால். புராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிற தாத்தாவுக்குப் பிரசோசினும் சேர்ந்தால், இரவில் பாத்ரூம் போகும் வழியே வழுக்குப்பாறை ஆகிவிடும்.

பொட்டாசியம் இன்னொரு பக்கம். டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் இவையெல்லாம் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும். 1999-ல் வந்த ஓர் ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. உண்மைதான். உடனே எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதயச் செயலிழப்புள்ள முதியவர்களிடம் கணக்கெடுத்தபோது, 1994-ல் 1,000 பேருக்கு 34 என்றிருந்த சீட்டு எண்ணிக்கை 2001-ல் 149 ஆகியிருந்தது. பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1,000 பேருக்கு 2.4-லிருந்து 11 ஆனார்கள். மருந்து அதேதான். ஆய்வில் ரத்தப் பரிசோதனை அடிக்கடி நடந்தது, வெளியே நடக்கவில்லை. ஆட்களும் ஆய்வில் இருந்தவர்களை விட மூத்தவர்கள். இந்த மருந்துகளில் இருப்பவர், சிறுநீரகமும் மந்தமென்றால், தினமும் இளநீர் குடிப்பதையும், கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை வாங்குவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்ந்திருப்பது பொட்டாசியம்தான்.

டப்பாவுக்குத் திரும்புவோம். அதில் அம்லோடிபின் தனியாக ஓர் அட்டை இருந்தது. வேறொரு கம்பெனியின் அட்டையில் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'ஏ.எம்.' என்று இரண்டு எழுத்து ஒட்டியிருந்தது. டெல்மிசார்டனோடு அம்லோடிபின் சேர்ந்த கூட்டு மாத்திரை அது. பொது மருத்துவர் ஒன்று, இதய மருத்துவர் ஒன்று. ஆக, 5 மில்லிகிராம் என்று நினைத்துக்கொண்டிருந்த அம்லோடிபின் 10 ஆக ஓடிக்கொண்டிருந்தது. 'ஹெச்' என்று ஒட்டியிருந்தால் உள்ளே நீர் மாத்திரை இருக்கிறது. பெயரின் வால் என்று தள்ளிவிடாமல், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். குழாய்கள் விரிந்து அதிலிருந்து நீர் கசிவதால் வருகிற வீக்கம் இது; உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதால் வந்ததில்லை. இதற்கு ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை கொடுத்தால் வீக்கம் பெரிதாக வடியாது, நோயாளிதான் வற்றிப்போவார். அத்தைக்கு நடந்தது அதுதான். அம்லோடிபின் இரட்டித்தது, கால் வீங்கியது, நீர் மாத்திரை வந்தது, இரவில் நாலு தரம் எழுந்தார், எழுந்தபோது பிரஷர் விழுந்தது, தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை வந்தது. பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதுகிற இந்தச் சங்கிலியை 1990-களிலேயே பவுலா ரோச்சான், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பெயரிட்டு எழுதிவிட்டார்கள். ஊர்ப் பக்கம் இன்னும் சகஜமாகப் பார்க்கிற சங்கிலி, எனலாபிரில் குடும்ப மாத்திரையால் வரும் வறட்டு இருமலுக்கு பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து குடிப்பது. ஆகவே முதியவருக்குப் புதுத் தொல்லை எது வந்தாலும் முதல் கேள்வி: சமீபத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு கூடியது?

எலும்பு டாக்டர் எழுதிய மூட்டுவலி மாத்திரையையும் டப்பாவில் பார்த்தேன். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை. இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும். பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும். இதயச் செயலிழப்பைக் கிளறிவிடும். டெல்மிசார்டன் வகை ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, மேலே இந்த வலி மாத்திரை ஒன்று என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு. சீட்டே இல்லாமல் "மூட்டு வலிக்கு ரெண்டு குடுப்பா" என்று கடையில் வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருப்பதால், இந்த மாத்திரை பல நேரம் எந்தச் சீட்டிலும் இருக்காது. டாக்டருக்குத் தெரிய வழியில்லை. பாராசிட்டமால் வலியை அவ்வளவு வேகமாகப் போக்காது என்பது உண்மைதான், ஆனால் இந்தச் சண்டைகள் எதிலும் அது அவ்வளவாக இறங்காது.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. தேவையில்லாதவர் சாப்பிடுகிறார், தேவையானவருக்குக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். மாரடைப்போ பக்கவாதமோ வராத, ஸ்டென்ட் வைக்காத பெரியவர், "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஆஸ்பிரின் சாப்பிடுவது முதல் தவறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்து 2018-ல் வெளிவந்த 'ஆஸ்ப்ரீ' ஆய்வில், உடல் முடங்காமல் வாழும் காலத்தை ஆஸ்பிரின் நீட்டிக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவு ஆண்டுக்கு 1,000 பேரில் 6.2-லிருந்து 8.6 ஆனது. இன்னொரு பக்கம், நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு உறைவு தடுக்கும் மருந்து உண்மையில் பக்கவாதத்தைத் தடுக்கிறது. "கீழே விழுந்துடுவாரு, தலையில ரத்தம் கட்டிடும்" என்று பயந்து அதற்குப் பதில் ஆஸ்பிரின் எழுதுவார்கள். பிரிட்டனில் 75 தாண்டிய 973 பேரிடம் நடந்த 2007-ம் ஆண்டு ஆய்வில், வார்ஃபரின் என்ற உறைவு தடுக்கும் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதமும் அதைப் போன்ற பெரிய பாதிப்புகளும் ஆண்டுக்கு 1.8 சதவீதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு 3.8 சதவீதம். ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் குறைவாக இருக்கவும் இல்லை. விழுவதைப் பற்றி 1999-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: வார்ஃபரினின் நன்மையை மூளை ரத்தக்கசிவின் ஆபத்து மிஞ்ச வேண்டுமானால் அந்த மனிதர் வருஷத்துக்கு ஏறத்தாழ 295 தடவை விழ வேண்டும். அத்தனை தடவை விழுகிறவரின் பிரச்சினை வார்ஃபரின் இல்லை.

அபிக்ஸபான் மாதிரிப் புதிய மருந்துகளில் அளவைக் குறைக்க விதி உண்டு. 80 வயது நிரம்பியது, 60 கிலோவைத் தாண்டாத எடை, கிரியாட்டினின் 1.5-ஐத் தொட்டது என்ற மூன்றில் இரண்டு இருந்தால் 5-க்குப் பதில் 2.5 மில்லிகிராம், இரு வேளை. வயதாகிவிட்டது என்ற ஒன்றுக்காகவே பாதியாக்கினால் பாதுகாப்பும் குறைந்துவிடலாம்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துப் பொதுவாக 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை. அதன் பிறகு ஒன்று போதும் என்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு முறை. அத்தைக்கு ஸ்டென்ட் வைத்து 6 வருஷம் ஆகிறது, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. சீட்டில் தொடங்கிய தேதி இருக்கிறது, முடியும் தேதி யாரும் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே "இது எந்த மாசம் வரைக்கும் டாக்டர்?" என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அந்தத் தேதிக்கு முன் நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

நிறுத்துவது பற்றி இன்னும் கொஞ்சம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட வேண்டாம். மெட்டோபிரோலால், அட்டினோலால் வகையைத் திடீரென நிறுத்தினால் நாடி எகிறி, நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். குளோனிடினை நிறுத்தினால் பிரஷர் முன்பிருந்ததை விட மேலே பாயும். குறைப்பதற்கும் முறை இருக்கிறது: ஒரு தடவைக்கு ஒரு மருந்து, படிப்படியாக, அளவு பார்த்துக்கொண்டே. பிரிட்டனில் 80 வயது தாண்டிய 569 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2020-ல் எழுதினார்கள். இரண்டோ மேலோ பிரஷர் மருந்து சாப்பிட்டு, மேல் எண் 150-க்குக் கீழே இருந்தவர்கள். பாதிப் பேருக்கு ஒரு மருந்தை எடுத்தார்கள். 12 வாரம் கழித்து, குறைத்தவர்களில் 86.4 சதவீதம் பேரும், குறைக்காதவர்களில் 87.7 சதவீதம் பேரும் 150-க்குக் கீழேயே இருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மாத்திரை குறைந்தால் ஆயுள் கூடும் என்றும் எண்ண வேண்டாம். பிரான்ஸின் முதியோர் காப்பகங்களில் நலிந்த முதியவர்களிடம் மருந்தைக் குறைத்துப் பார்த்து 2025-ல் வந்த முடிவில் மரண விகிதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைத்தால் நஷ்டமில்லை என்பதே சிலருக்கு நல்ல செய்தி. 11 மாத்திரை விழுங்குவது சின்ன வேலை இல்லை.

டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கண் மருந்து, சித்த மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் வீட்டுக்கே வருகிறார்கள். வருகிறவரிடம், "கொஞ்சம் நிக்க வெச்சும் பாரும்மா" என்று கேட்டால் மூன்று நிமிஷ வேலை. வீட்டில் மெஷின் இருந்தால், காபி குடித்து அரை மணி ஆன பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கையை மேஜையில் வைத்து, பேசாமல் இருந்து பாருங்கள். கைப்பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

அத்தைக்கு அந்தத் தெரு டாக்டர் முதலில் இரட்டை அம்லோடிபினில் ஒன்றை எடுத்தார். மூன்று வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. பிறகு நீர் மாத்திரை, அதன் பிறகு தலைசுற்றல் மாத்திரை. வலி மாத்திரை போய்ப் பாராசிட்டமால் வந்தது. குளோபிடோகிரெலைப் பற்றி இதய டாக்டரிடம் கேட்டோம், அவரே நிறுத்தச் சொன்னார். அத்தைக்கு இதில் திருப்தி இல்லை. "காசு மிச்சம் பிடிக்கத்தானே எல்லாத்தையும் நிறுத்தறே?" என்று என்னிடம் கேட்டார்; நீர் மாத்திரையில் ஒரு அட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்ததைப் பிறகு கண்டுபிடித்தோம். இப்போது நோட்டில் 'படுத்து', 'நின்று' என்று இரண்டு வரிசை போட்டு வாரம் இரண்டு நாள் எழுதுகிறோம். போன வாரம் படுத்து 144-க்கு 72, நின்று 130-க்கு 70.

இன்னும் ஒன்று பாக்கி. கண் அழுத்தத்துக்கு அத்தை விடுகிற சொட்டு மருந்து டிமோலால். அதுவும் மெட்டோபிரோலால் குடும்பம்தான். கண்ணிலிருந்து மூக்குக்குள் வடிந்து, ரத்தத்தில் கலந்து, இதயத்தை மெதுவாக்கும். சொட்டு விட்டதும் கண்ணின் மூக்குப் பக்க ஓரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், கொஞ்சம் குறையும். கண் டாக்டரிடம் அடுத்த மாதம்தான் நாள் கிடைத்திருக்கிறது. அந்தச் சீட்டின் மேல் பென்சிலால் நாடித் துடிப்பை எழுதிவைத்திருக்கிறேன்: 52.